பட்டாணியை விட்ட படம்

எங்கள் வாகட் பகுதித் தியேட்டரில் மகளோடு ஓர் அரசியல் த்ரில்லர் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கதேசப் போர்க்காலக் கதை. சைரன் அலறியதும் திரையில் பெண்கள் பதுங்குகுழிக்குள் இறங்கி அழுதார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் போரின்போது எனக்கு எட்டு வயது. அப்பாவுக்கு ராணுவ டிப்போவில் வேலை; தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் இருந்தோம். பகல் ஒத்திகைக்குச் சைரன் ஊதினால் வாசலில் வெட்டிய குழிக்குள் எல்லாரும் இறங்க வேண்டும். ஒருநாள் பக்கத்து வீட்டு மராத்திக்கார மாமி, நாங்கள் காக்கு என்று கூப்பிடுபவர், பச்சைப் பட்டாணிக் கூடையோடு இறங்கிவிட்டார். சும்மா உட்காருவானேன் என்று அம்மாவும் உரிக்க ஆரம்பித்தாள். ஈர மண்வாசனையோடு பட்டாணி வாசனை. உரித்ததில் பாதி என் வாய்க்குள் போயிற்று. ஆபத்து நீங்கியதற்கான சைரன் ஊதியும் ஒருவரும் மேலே வரவில்லை. ஒத்திகையைக் கவனிக்கும் வார்டன் வந்து எட்டிப் பார்த்துக் கத்தினார்.

கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அம்மா தன் இந்தியில் அதட்டினாள்: "ருக்கோ பாயி, பட்டாணி பாக்கி ஹை!"

இடைவேளையில் மகளிடம் இதைச் சொன்னேன்.

"அப்போ மூவி பொய்யாம்மா?"

"பொய் இல்லடி. தாத்தா டிப்போலேர்ந்து வர்ற வரைக்கும் பாட்டி வாசலையேதான் பாத்துண்டிருப்பா. பயத்தைச் சரியாத்தான் காட்டியிருக்கான். பட்டாணியைத்தான் விட்டுட்டான்."