குண்டு பல்பும் மாமாவின் பொய்யும்

அப்பாவுக்கு கிடர்பூர் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி அவரை விடாது. லேக் மார்க்கெட் பகுதியிலிருந்த எங்கள் ஃபிளாட்டில் தங்கி இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாமாமீது அவருக்கு ஆரம்பம் முதலே சந்தேகம். ஆய்வுக்கூடத்துக்கு என்று தினமும் மெட்ரோவில் போய் வருகிறவனின் சட்டையில் ஒரு கறைகூட இல்லையே, இவன் எங்கேதான் போகிறான் என்று அம்மாவைக் குடைவார். கடைசியில் ஒன்பது வயதான என்னை உளவு பார்க்க அனுப்பினார். ஆராய்ச்சி என்பது பொய் என்று தெரிந்தால் மாமாவை ஊருக்கு ரயிலேற்றிவிடுவதாகத் திட்டம்.

"நீங்க என்ன மாமா படிக்கிறீங்க?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். மாமா குஷியாகிவிட்டார். ஒரு பழைய சிடியை எடுத்து, கூடத்தில் எரிந்த சிஎஃப்எல் விளக்கை அதில் காட்டினார். நிறங்கள் தனித்தனிப் பட்டைகளாகத் தெரிந்தன. அணுவுக்குள் ஆற்றல் படிப்படியாகத்தான் இருக்குமாம். ஒரு படியிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கினால் அதற்கான நிறம் மட்டுமே வெளியே வருமாம்.

நான் அப்பாவின் பெண். அவ்வளவு லேசில் நம்பிவிடுவேனா? மறுநாள் மாமா இல்லாத நேரமாகப் பார்த்து, பூஜை அலமாரியின் குண்டு பல்பை அதே சிடியில் பார்த்தேன். சிவப்பிலிருந்து ஊதா வரை ஓரிடத்தில்கூட விட்டுப்போகவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமையோடு அப்பாவிடம் ஓடினேன்.

சாப்பிடும்போது விசாரணை நடந்தது.

"தனியா மிதக்கிற அணுவுக்குத்தான் அத்தான் அந்தப் படி," என்றார் மாமா. "பல்புக் கம்பியில கோடானுகோடி அணு நெருக்கியடிச்சு நிக்கி. ஒண்ணோட படியை இன்னொண்ணு நகத்தி, எல்லாம் ஒண்ணா கலந்து இடைவெளியே இல்லாம ஆயிரும். சூட்டுல அதெல்லாம் குலுங்கும்போது எல்லா நிறமும் வரும்."

"நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா மாப்ளே?" என்றார் அப்பா. பேச்சை மாற்றுகிறவனின் பெட்டியில்தான் கடத்தல் சரக்கு இருக்கும் என்பது அவருடைய துறைமுக அனுபவம்.

அடுத்த வாரம் மாமா ஹவுராவில் ரயிலேறினார். ஆராய்ச்சி அத்தோடு நின்றது. சிடியை எனக்கென்று விட்டுப்போயிருந்தார்.

கல்லூரியில் அந்தப் பாடம் வந்தபோதுதான், மாமா சொன்ன இரண்டுமே உண்மை என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட இன்னொன்று இன்றும் உறுத்துகிறது. அன்று கேள்வி கேட்டது அப்பா. மாமா பதில் சொன்னது முழுக்க என்னைப் பார்த்து. நானாகவே பல்பைச் சோதித்தேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அகப்பட்டுக்கொண்டவனின் அசட்டுச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்துகொள்ளும் ஆசையில் நான் கேட்டதாகவே அவர் கடைசி வரை நம்பியிருந்தார்.