புவனா அனுப்பிய பன்னிரண்டு வரி

புவனா போய்விட்டாள்.

முந்தாநாள் காலை, பதுளை ஆஸ்பத்திரியில். நாலு நாள் காய்ச்சல்தான்... அவள் தம்பி போனில் சொன்னபோது "எந்த புவனா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த புவனா ஒருத்திதான்.

பதுளை டவுனில் ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் இருந்த சின்ன சொஃப்ட்வெயார் கம்பனியில் ஒன்றாக வேலை செய்தோம். கம்பனி கொழும்புக்குப் போனது. எங்களைக் கூடப் போக இரண்டு வீட்டிலும் விடவில்லை.

அப்புறம் அவள் ஹாலிஎல பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், நான் அப்பாவின் கடைக்கு மேலே. ஆளுக்கொரு லெப்டொப், வீட்டிலிருந்தே வேலை.

வேலை நேரம் போக, யாரும் இலவசமாக எடுத்து அதன்மேல் புரோகிராம் எழுதக்கூடிய ஒரு ஓபன் சோர்ஸ் ஃபிரேம்வேர்க்குக்குச் சம்பளமில்லாமல் உழைத்தோம். ஒரு புரோகிராம் ஓடும்போது, வேண்டாத மெமரியைத் துப்புரவாக்க இடையிடையே ஒரு கணம் நிற்கும். கார்பேஜ் கலெக்ஷன் என்பார்கள். எவ்வளவு நேரம் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று அளந்துகொண்டே இருப்போம்.

ஊரில் இதைப் பேச எனக்கு அவள், அவளுக்கு நான். வேறு யாருமே இல்லை.

ஒரு ஐப்பசி மாதம்... புவனாவின் லெப்டொப்பில் அந்த நிற்கும் நேரம் காலையில் ஒழுங்காக இருக்கும், மத்தியானமானால் இரண்டு மடங்காகும். புதிய வெர்ஷனில்தான் கோளாறு என்று ஃபிரேம்வேர்க் ஆட்களுக்கு எழுதிவிட்டோம். எங்கோ வெளிநாட்டில் ஒருவர் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, "இங்கே அப்படி இல்லையே" என்றார்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் மத்தியானம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மலைக்கு அந்தப் பக்கம் லேசாக இடி. அவள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து டிவி, கேத்தல், லெப்டொப் என்று எல்லா பிளக்கையும் கழற்றினார்.

"பக்கத்து லயத்துல இடி விழுந்து டிவி கருகிப்போச்சும்மா. நாந்தான் தெனமும் கழட்டுறேன்."

புவனா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பெட்டரியில் ஓடினால் அந்த லெப்டொப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நிற்கும் நேரமும் கூடும். மூன்று வாரமாக நாங்கள் திட்டியது ஃபிரேம்வேர்க்கை!

"யார்கிட்டயும் சொல்லாதடி, மானம் போயிரும்" என்றேன்.

"தப்பு நம்மளோடது. அந்த மனுசன் ஒரு வாரம் மெனக்கெட்டிருக்காரு. எழுதத்தான் போறேன்."

எழுதினாள். எங்கள் மலையில் இடி இடித்தால் பிளக்கைக் கழற்றுவோம், அதை யோசிக்காமல் விட்டுவிட்டோம் என்று... உலகமே பார்க்க. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவள் போனை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் பஸ் ஏறி நேரே கடைக்கு வந்துவிட்டாள். "கோவம் தீந்துச்சா? தீரலன்னா சொல்லு, அடுத்த பஸ்ல போயிர்றேன்." அவளிடம் எப்படிக் கோபமாக இருப்பது...

ஒருத்தர் செய்யும் திருத்தத்தை இன்னொருத்தர் பார்த்து ஓகே சொன்னால்தான் ஃபிரேம்வேர்க்கில் சேர்ப்பார்கள். என்னுடையதை அவள் அன்றைக்கே பார்த்துவிடுவாள்.

பத்து நாளைக்கு முன் அவள் ஒரு திருத்தம் அனுப்பினாள். "பாத்தியாடி?" என்று மெசேஜ். "நாளைக்கு" என்றேன். காய்ச்சலோடு திரும்பக் கேட்டாள். "நாளைக்குக் கட்டாயம்டி."

எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. வெறும் சோம்பல்.

நேற்று அடக்கம் முடிந்ததும் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் செய்ற வேலை எனக்குக் கடைசி வரைக்கும் வெளங்கலம்மா. எம்புள்ள நல்லா செஞ்சாளா?"

"ரொம்ப நல்லா செஞ்சாம்மா" என்றேன். அப்போது நான் அவள் அனுப்பியதைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

இன்று காலைதான் திறந்தேன். பன்னிரண்டு வரி. பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பிழையும் இல்லை. ஓகே கொடுத்தேன், சேர்த்துவிட்டார்கள்.

சேர்ந்ததும் முதலில் அவளுக்குத்தான் சொல்லப் போனை எடுத்தேன்...

பாத்துட்டேன்டி புவனா. நல்லா இருக்கு. போயிட்டு வா.