ஏறும்போது கூடிய இரண்டு கிலோ

என் சின்ன மருமகளைத் தெருவில் எல்லோரும் லிஃப்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். செம்புக்கம்பிக் கிடங்கில் சரக்கு லிஃப்ட் ஓட்டுகிறாள், பதினோரு வருஷமாக. பெட்டிக்குள் ஏறி இறங்குவதெல்லாம் ஒரு வேலையா என்று நான்கூடக் கேட்டிருக்கிறேன். அது என் வாய்க்கொழுப்பு.

போன மாதம் அங்கே ஒரு புது ஏற்பாடு. கீழே நிறுத்துக்கொண்டிருந்தால் நேரமாகிறது என்று, முள் ஓடும் தராசை லிஃப்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். கம்பிச் சுருளைத் தராசில் ஏற்றி, கதவை மூடி, இவள் பொத்தானை அழுத்துவாள். லிஃப்ட் கிளம்புகிற அந்த நேரத்தில்தான் எடைக்காரர் முள்ளைப் பார்த்துச் சீட்டில் எழுதுவார். முதல் மாடியில் அவர் இறங்கிக்கொள்வார். அதற்கு மேல் நான்காம் மாடிவரை சுருளோடு இவள் மட்டும்.

மூன்றாம் நாள் மேலே தரையில் வேறொரு தராசு வைத்து மறுபடி நிறுத்தார்கள். ஐம்பத்திரண்டு என்று எழுதின சுருள் எல்லாம் ஐம்பது கிலோதான் இருந்தது. ஒன்று தப்பாமல் இரண்டு கிலோ குறைவு.

கீழே நாற்பது பேர் பார்க்க அவள் பையைக் கொட்டினார்கள். சாப்பாட்டு டப்பாவும் சீப்பும் விழுந்தன.

"சாயங்காலத்துக்குள்ள உண்மையைச் சொல்லிடும்மா. இல்லேன்னா போலீஸ்தான்" என்றார் மேனேஜர்.

"எல்லாச் சுருள்லயும் கரெக்டா ரெண்டு கிலோ வெட்டி எடுக்க நான் என்ன மெஷினா சார்?"

"திருடுறதுலயும் அக்கா ஒரு ஒழுங்குதான்" என்றார் எடைக்காரர். யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு அவள் அழவில்லை, யோசித்தாள். பெட்டி மேலே கிளம்பும்போதெல்லாம் கால் ஒரு கணம் கனக்கும், நிற்கப்போகும்போது லேசாகும். காலுக்குத் தெரிவது முள்ளுக்குத் தெரியாமலா போகும்?

"சார், நீங்க லிஃப்டுக்குள்ள வந்து தராசுல ஏறி நில்லுங்க."

"என்னம்மா, விளையாடுறியா?"

"சாயங்காலம்வரைக்கும் டைம் குடுத்தீங்கல்ல. எனக்கு ரெண்டு நிமிஷம் போதும்."

முறைத்துக்கொண்டே ஏறினார். எடைக்காரரும் உள்ளே வந்தார். முள் எழுபத்தைந்தில் நின்றது. முள் அசையாவிட்டால் தன் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். பொத்தானை அழுத்தினாள்.

எழுபத்தெட்டு.

"சார், மூணு கிலோ ஏறிட்டீங்க" என்றார் எடைக்காரர்.

"வாயை மூடுய்யா."

நடுவழியில் லிஃப்ட் ஒரே சீராக ஏறும்போது முள் மறுபடி எழுபத்தைந்துக்கு வந்தது. நான்காம் மாடியில் வேகம் குறைந்தபோது எழுபத்திரண்டு. நின்றதும் பழையபடி எழுபத்தைந்து.

"கிளம்பும்போது இருந்த உங்க மூணு கிலோவை யாரு சார் எடுத்தது?"

நின்றுகொண்டிருக்கும் ஆளை மேலே கிளப்ப, தரை சும்மா தாங்கினால் போதாது, கூடுதலாக உந்தவும் வேண்டும். அந்த உந்தலையும் சேர்த்துத்தான் முள் காட்டுகிறது. இது நியூட்டனுடைய விதி என்று மேனேஜரே பிறகு சொன்னாராம். படித்த மனுஷன், பையைக் கொட்டுவதற்கு முன்னால் ஞாபகம் வந்திருக்கலாம்.

"சரிம்மா, போய் வேலையைப் பாரு."

அவள் நகரவில்லை.

"நாப்பது பேர் முன்னாடி கொட்டினீங்க சார். அந்த நாப்பது பேர் முன்னாடியே சொல்லுங்க."

மேனேஜர் வாட்சைப் பார்த்தார். எடைக்காரர் சுவரைப் பார்த்தார். மேனேஜர் சரியென்று தலையை ஆட்டின பிறகுதான் இவள் லிஃப்டைக் கீழே இறக்கினாள்.