ஐம்பது யூரோவும் என் கையெழுத்தும்

ஒருநாள் கடிதப்பெட்டியைத் திறந்தால், ஒரு வங்கி என்னைக் கெஞ்சிக் கடிதம் போட்டிருந்தது. எங்களிடம் கணக்குத் திறவுங்கள், உங்கள் சம்பளத்தை அதற்குள் வரவிடுங்கள், நாங்கள் உங்களுக்கு ஐம்பது யூரோ தருகிறோம் என்று. யூரோ வந்து இரண்டு மூன்று வருசம் இருக்கும். படிக்கட்டில் நின்றபடியே மூன்று தரம் வாசித்தேன். சிரிப்பு வந்துவிட்டது. ஜேர்மனியின் இதே கொலோன் நகரில், அகதி விண்ணப்பத் துண்டோடு நான் வந்த முதல் வருசம், கணக்குத் திறக்கப் போன இடத்தில் ஒரு பெண் அந்தத் துண்டை ஒற்றை விரலால் என் பக்கம் திருப்பித் தள்ளினாள். அன்றைக்கு வெளியே வந்து ட்ராம் தரிப்பிடத்தில் இருந்து அழுதேன். இப்போது காசும் தந்து வா என்கிறார்கள். வலிய வாற சீதேவியைக் காலால் உதைக்கலாமோ?

"சும்மா ஆரும் காசு தருவினமோ? பின்னால ஏதோ கோதாரி இருக்கும்," என்றார் என் கணவர் ஜெயசீலன். இவருக்கு எதிலும் சந்தேகம்தான். ஆனால் எனக்கு அந்தக் காசு தேவையாக இருந்தது. நான் வேலை செய்தது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். காலை ஆறு மணிக்கு நிற்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. இவர் முணுமுணுத்துக்கொண்டே காரில் கொண்டுபோய் விடுவார். லைசென்ஸ் எடுக்கப்போறன் என்றால், "நான்தானே ஏத்தி இறக்கிறன், உமக்கேன் அது?" என்பார். கார் பழக்கும் பள்ளியில் ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாது என்றார்கள். வீட்டுக் காசில் எடுத்தால் அது இவர் தந்த லைசென்ஸ் ஆகிவிடும். எனக்கு என்னுடைய லைசென்ஸ் வேணும்.

ஒன்றரை வருசத்தில் மூன்று வங்கி மாறினேன். ஒவ்வொரு தரமும் புதுக் கணக்கு இலக்கத்தை எங்கள் இல்லத்துச் சம்பளக் கந்தோரில் கொடுக்கவேண்டும். மூன்றாம் தரம் அந்தக் கந்தோர்ப் பெண் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்தாள். "வீட்டில் ஏதும் பிரச்சினையா? என்னிடம் சொல்லலாம்," என்றாள். எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது, இந்த நாட்டில் ஒரு பெண் சும்மா சும்மா கணக்கு மாற்றினால் புருசனை விட்டு ஓட ஆயத்தம் செய்கிறாள் என்று நினைப்பார்களாம். இவரிடம் சொன்னபோது அன்று முழுவதும் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

மூன்றாவது வங்கியில் இன்னொரு அதிசயம் இருந்தது. நான் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் அவருக்கும் ஐம்பது, எனக்கும் ஐம்பது. இதைக் கேட்டதும் அப்பாவின் நினைவுதான் வந்தது. அப்பா யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடற்தொழில் செய்தவர். எனக்கு ஒரு சேமிப்புப் புத்தகம் திறக்க ஆசைப்பட்டார். எங்கள் ஊர் வங்கியில் சும்மா போய்த் திறக்க ஏலாது. ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கிற ஒருவர், இந்த ஆளை எனக்குத் தெரியும் என்று கையெழுத்து வைக்கவேண்டும். அப்பா ஒரு முழுப் பாரை மீனைத் தூக்கிக்கொண்டு வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டியார் வீட்டுக்குப் போனார். கையெழுத்தை வைத்துவிட்டு சம்மாட்டியார், "என்ர பேரைக் காப்பாத்து, மோனை," என்றாராம். பிறகு எத்தனை கஷ்டம் வந்தும் அப்பா அந்தப் புத்தகத்தை மூடவில்லை. மூடினால் சம்மாட்டியாருக்கு மரியாதைக் கேடாம்.

அங்கே அறிமுகம் செய்கிறவருக்கு நாங்கள் மீன் கொடுத்தோம். இங்கே வங்கியே காசு கொடுக்கிறது. ஆனால் பொறுப்பு ஒன்றுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதனால் மாதா கோயிலில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற ஸ்டெல்லா அக்காவை முதலாவதாகக் கூட்டிக்கொண்டு போனபோது, வங்கி அலுவலரான ஹெர் பெக்கருக்கு, அதாவது திரு பெக்கருக்கு, அக்காவின் குணம் முழுவதையும் சொன்னேன். நல்ல குடும்பம், கடன் வாங்காத மனுசி, கோயிலில் பூ வைக்கிறது இவதான் என்று. அந்த மனுசன் பேனையைப் பிடித்தபடி முழுசினார். "நல்லது, ஃபிராவ் ஜெயசீலன். எனக்கு இந்த அம்மாவின் முகவரி மட்டும் போதும்," என்றார். நான் விடவில்லை. அடுத்தடுத்து எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருவர் கொஞ்சம் குடிப்பார். அதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

வங்கிக் காசோடு என் ஞாயிறு வேலைக்குத் தந்த மேலதிகக் காசையும் சேர்த்து, கார் பழகத் தொடங்கினேன். எழுத்துச் சோதினை பாஸ். ஓட்டுச் சோதினைக்கும் கார் பழகும் கடைசி மணித்தியாலங்களுக்கும் வைத்திருந்த முந்நூறு யூரோ அலுமாரியில், ஒரு கடித உறைக்குள். அப்போதுதான் ஸ்டெல்லா அக்கா தொலைபேசியில் அழுதா. தவணைக்கு ஒரு பெரிய ஃப்ரீசர் வாங்கியிருந்தா. கணக்கில் காசில்லாமல் இரண்டு தவணை திரும்பிப் போய்விட்டது. வங்கியிலிருந்து கடுமையான கடிதம். "ரஜனி, உன்ர பேரைக் கெடுத்துப்போட்டன் பிள்ளை!"

உறையைக் கையில் எடுத்தேன். "அப்ப லைசென்ஸ்?" என்றார் இவர். "பிறகு பாப்பம். நான் கூட்டிக்கொண்டு போன ஆளெல்லோ," என்றேன். விசர் என்று ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, "வாரும், கொண்டுபோய் விடுறன்," என்றார்.

ஹெர் பெக்கரின் மேசையில் உறையை வைத்து, விசயத்தைச் சொல்ல முதலே அவர் பக்கம் தள்ளினேன். மனுசன் திறந்து பார்த்துவிட்டு முகமெல்லாம் சிவந்து, கண்ணாடிக் கதவைப் பார்த்தார். "ஃபிராவ் ஜெயசீலன், இதை நான் வாங்க முடியாது! என் வேலை போய்விடும்!" அந்தோனியாரே, லஞ்சம் என்று நினைத்துவிட்டார்! எனக்குத் தெரிந்த ஜேர்மன் எல்லாவற்றையும் கொட்டி, ஸ்டெல்லா அக்கா, ஃப்ரீசர், சம்மாட்டியார், பாரை மீன் வரை சொல்லி முடித்தேன். அவர் நான் கையெழுத்து வைத்த தாளை எடுத்து, வரி வரியாக விரல் வைத்துக் காட்டினார். பிணை என்று எங்கேயும் இல்லை. கூட்டிக்கொண்டு வந்ததோடு என் கடமை முடிந்ததாம். "பிணை நின்றவர்களையே நாங்கள் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கு," என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உறையை என் கையிலேயே வைத்தார். அக்காவைக் கூப்பிட்டுச் சின்னத் தவணையாகக் கட்ட ஒழுங்கு செய்தார். அடுத்த கிழமை அவருக்கு ஒரு பெட்டி மீன் ரோல்ஸ் கொண்டுபோனேன். அதையும் கதவைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

அந்த உறைக் காசில் ஓட்டுச் சோதினையும் பாஸ். முடிந்த இடத்திலேயே லைசென்ஸ் அட்டையைத் தந்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றும், தந்த இடம் கொலோன் என்றும் ஒரே அட்டையில் இருந்தது. தெருவில் நின்று துள்ளினேன், வெட்கப்படவில்லை.

அந்த ஞாயிறு பூசைக்கு நான்தான் ஓட்டுவது என்று முடிவு. ஸ்டெல்லா அக்கா பின்சீற்றில் செபமாலையோடு ஏறிவிட்டா. இவர் திறப்பை என்னிடம் எறிந்து, "பிடியும், சாரதி அம்மா," என்றார். நான் பெருமையாகப் போய்க் கதவைத் திறந்து, ஏறி இருந்து, சேலையை ஒதுக்கி, பட்டியை மாட்டி, திறப்பை நீட்டினேன். முன்னால் ஸ்டியரிங் இல்லை. மற்றப் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இவர் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறார். அக்கா செபமாலையை விட்டுவிட்டுச் சிரிக்கிறா. அது பத்து வருசம் இவருக்குப் பக்கத்தில் நான் இருந்து பழகின வலப்பக்க இருக்கை. குருநகரில் என்றால் சாரதி இருக்கிறதும் அதிலேதான். நானும் சிரித்துக்கொண்டு ஊர்ப் பக்கத்தால் இறங்கி, காரைச் சுற்றி வந்து, ஜேர்மனிப் பக்கத்தால் ஏறினேன்.