தீபாவளி முடிந்தது, சாந்தியின் வேலையும் முடிந்தது

தீபாவளி கழிந்த மறுநாளே கடைக்குப் போகவேண்டியதாயிற்று. மகனுக்கு எடுத்த சட்டை பிடிப்பாக இருந்தது... மாற்ற வேண்டும். நம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் புதிதாகத் திறந்திருக்கிறார்களே ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ், அங்கேதான்.

உள்ளே நுழைந்தால், நடுக்கூடத்தில் போட்டிருந்த கலர் அரிசிக் கோலத்தை ஒருவர் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் தயாராக நிற்கிறது. சரி, வியாபாரம். அதில் எனக்குக் கோபமில்லை.

கோபம் வந்தது மாடியில்.

துணிப் பிரிவில் சாந்தி நின்றாள். கெலுகோரில் என் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தவள். 'உள்ளூர்க்காரர்களுக்கே முதலிடம், நிரந்தர வேலை' என்று இவர்கள் சொன்னதை நம்பி அதை விட்டுவிட்டு வந்தாள். அந்தக் கோலத்தைப் போட்டதே அவள்தான். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னதும் அவள்தான்.

இன்று முகத்தில் களையே இல்லை.

"என்ன சாந்தி, உடம்பு சரியில்லையா?"

"இன்னையோட நின்னுக்கச் சொல்லிட்டாங்கக்கா. சீசன் முடிஞ்சிருச்சாம்."

"சீசனா? நிரந்தரம்னுதானே சொன்னாங்க?"

"சொன்னாங்கதான். இப்ப கேட்டா, தமிழ் கஸ்டமருக்காகத்தான் எடுத்தோம், இனிமே தேவையில்லைங்கிறாங்க. ஃபேக்டரியில என் எடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. நான் எங்கக்கா போவேன்?"

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கே அந்த மேனேஜர்? இதோ நிற்கிறார். கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கும் சீன இளைஞர். ஒரு சீன அம்மாளிடம் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறார். அந்த அம்மாள் பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியனில் பொரிந்து தள்ளுகிறார். இவருக்குத் தெரிந்ததோ கேன்டனீஸ். ஹொக்கியன் தெரியாமல் பினாங்கில் கடை நடத்த வந்துவிட்டார், பாருங்கள்!

யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? "சாந்தி! சாந்தி!"

இவளும் போனாள். நானாக இருந்தால் போயிருக்கமாட்டேன். கடகடவென்று ஹொக்கியனில் பேசினாள், சமாதானம் சொன்னாள், சிரிக்கக்கூட வைத்தாள். பெட்ஷீட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த அம்மாள் இன்னொன்றும் வாங்கிக்கொண்டு போனார்.

"தேங்க்ஸ் லா, சாந்தி" என்றார் மேனேஜர். அப்பாடா, இனி இவளை அனுப்பமாட்டார் என்று நினைத்தேன். அடுத்தாற்போல் சொன்னாரே ஒரு வார்த்தை — "நெக்ஸ்ட் தீபாவளிக்கு மறுபடியும் வா, ஓகே?"

விடுவேனா நான்?

"மிஸ்டர், இந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும், மலாய் தெரியும், இங்கிலீஷ் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஹொக்கியனும் தெரியும். இவளை எதற்காக அனுப்புகிறீர்கள்?" என்று இங்கிலீஷிலேயே கேட்டேன்.

"ஆன்ட்டி, இவங்க இந்தியன் சீசன் ஸ்டாஃப் லா. இனிமே இந்தியன் கஸ்டமர் வரமாட்டாங்க" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காம்ப்ளெக்ஸே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். காவலுக்கு நிற்பவர், தரை துடைப்பவர், ஃபுட் கோர்ட்டில் தட்டுக் கழுவுபவர் — எத்தனையோ வீடுகளில் இதனால்தான் அடுப்பு எரிகிறது. நன்றி, மகிழ்ச்சி. ஆனால் வேலை கொடுத்தோம், வேலை கொடுத்தோம் என்று மேடையில் மைக் பிடிக்கிறவர்கள், எத்தனை நாளைக்கு என்று மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை? எங்கள் பெண்கள் என்ன, பண்டிகை முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் போடுகிற தோரணமா?

"விடுங்கக்கா, போலாம்" என்று சாந்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். அன்றிலிருந்து வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். உங்கள் கடையில் ஆள் வேண்டுமென்றால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.

அந்த மேனேஜரிடம் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஏனய்யா, தீபாவளி தவிர மற்ற நாளெல்லாம் நாங்கள் துணி உடுத்தாமலா திரிகிறோம்?