ஊமை டிஸ்க்

இது நடந்தது. கதையாக இருந்திருந்தால் முடிவில் என் தங்கையைக் காப்பாற்றியிருப்பேன்.

அவளுடைய வேலை, கேட்பது. டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இவள் வீட்டில் உட்கார்ந்து, ஹெட்போனில் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவாள். காதில் விழுந்ததைத்தான் அடிக்க வேண்டும். தப்பென்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது. விளங்காத இடத்தில் புள்ளிகள் வைக்கலாம். புள்ளிகள் மிகுந்தால் வேலை போய்விடும். அவளுக்கு அவை நாளுக்கு நாள் மிகுந்துகொண்டே வந்தன.

அவளுடைய குட்டி லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். டக்... கர்ர்ர்... டக். பேச்சையெல்லாம் அது தின்றுவிடும்.

"இன்னொரு பைல் திரும்பி வந்தா அவ்வளவுதாண்ணா. அப்புறம் உன் தலைமேலதான் உக்காந்து சாப்பிடணும்."

"இப்ப மட்டும் எங்க உக்காந்திருக்க?"

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பழுது பார்ப்பவர் ஸ்குரூ டிரைவரின் முனையை டிஸ்க்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"கிழவன் மாதிரி இருமுது சார்." மேசையில் இரண்டு புது டிஸ்க்குகளை வைத்தார். "இது மெதுவாச் சுத்தும். லேசா முனகும். இதோ, இதுல சுத்தறதுக்கு ஒண்ணுமே கிடையாது. ஊமை."

"ஊமையே குடுங்க."

உள்ளே இருந்த எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து தங்கையின் முன் வைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டவளின் முகம் மலர்ந்தது.

"எழவு விழுந்த வீடு மாதிரி இருக்குண்ணா."

அன்று மாலையே கூப்பிட்டாள்.

"அண்ணா, யாரோ பேசறாங்க."

"பேசாம பின்ன பாடுவாங்களா?"

"பைலை நிறுத்திட்டேண்ணா."

ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். ஒன்றுமில்லை.

"உனக்குக் காது மந்தம். இது இன்னிக்கு வந்தது இல்ல. அந்த டக் டக்குக்கு அடியிலேயே இருந்திருக்கு. இப்பதான் வெளிய தெரியுது."

பழக்க தோஷம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் அடித்துக்கொண்டிருந்தன. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.

பெண். வயது முப்பத்தொன்று... மேசையில் கவிழ்ந்த... இதயம்...

அவளுக்கும் முப்பத்தொன்றுதான்.

"மூடி வை."

"எல்லா வயசுலயும்தான் சாவறாங்க. ஏதோ பழைய பைல் கலந்திருக்கும்."

மறுநாள் அந்தப் பக்கத்தில் புள்ளிகள் குறைந்திருந்தன. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். தட்டில் வைத்த சோறு ஆறிக் கிடந்தது.

"ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி தொண்டையைச் செருமறாருண்ணா. அப்புறம்தான் சொல்றார்."

விரல்கள் ஓடின. திரையில் பார்த்தேன்: இடது முழங்கையில் பழைய தழும்பு.

அவள் கையைப் பிடித்தேன். சிறு வயதில் என் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு.

அவள் சிரித்தாள்.

"என்னுது வலதுண்ணா. அப்ப இது நான் இல்ல. வேற எவளோ, பாவம்."

எனக்கு உயிர் வந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனாலும், நாளைக்குப் பழைய டிஸ்க்கையே மாட்டிவிடலாம் என்றேன்.

"சரி. ஒரு இடம்தான் மிச்சம். பேரு."

மறுநாள் மதியம் கடையில் விட்டிருந்த பழைய டிஸ்க்கை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

கதவு திறந்திருந்தது.

சத்தமில்லை...

மேசையில் கவிழ்ந்திருந்தாள். காதில் ஹெட்போன். அதன் வயர் தரையில் கிடந்தது. எதிலும் செருகாமல்.

திரையில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஆஸ்பத்திரியில், அறைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். டாக்டர் வெளியே வந்தார். கையில் சின்னப் பதிவுக் கருவி. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செருமினார்.

"பெண். வயது முப்பத்தொன்று."

செருமினார்.

"இடது முழங்கையில் பழைய தழும்பு."

"வலது, டாக்டர்."

கருவியை நிறுத்தினார். கதவிடுக்கு வழியாக ஒருமுறை உள்ளே பார்த்தார்.

"ஆமா. கால்மாட்டுல நின்னு பாத்தேன். மாறிப்போச்சு."

கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பரவாயில்ல. டைப் பண்றவங்க பாத்துக்குவாங்க."