உரிமம் இல்லாத வெர்னா

வெர்னா ஸ்டிட்ஹாம் மனோதத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியபோது நாற்பதைத் தாண்டியிருந்தாள். அதுவரை பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அந்த வாரமே தேவாலயச் சபையில் எல்லோரும் அவளை "நம்ம சைக்காலஜிஸ்ட்" என்று சொல்லத் தொடங்கினார்கள். அவள் ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்தினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க. மாநிலம் இன்னும் எனக்கு உரிமம் குடுக்கல."

"அப்ப இந்தப் பட்டத்தக் குடுத்தது யாரு, கோழியா?" என்றான் கணவன் எஸ்டில். சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டவன். வாய் மட்டும் கெடவில்லை.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பட்டம் மட்டும் போதாது. உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும், தேசியத் தேர்வு எழுத வேண்டும், உரிமம் வழங்கும் வாரியத்தின் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். தேசியத் தேர்வில் முதல் முறை தோற்றாள். தேர்வு மையத்துக் கார் நிறுத்துமிடத்திலேயே அழுது தீர்த்துவிட்டு, வீடு வந்ததும் மறுபடி புத்தகத்தை விரித்தாள். அடுத்த முறை தேறினாள்.

மேற்பார்வைக் காலம் முடியும் தறுவாயில் வெள்ளம் வந்தது. ஓடை பொங்கி வீடுகளை இழுத்துக்கொண்டு போனது. தப்பியவர்கள் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் தங்கினார்கள். அங்கே சுவரோரம் ஹோபர்ட் என்ற இளைஞன் சோறு தண்ணியில்லாமல் கிடந்தான். பிடித்திருந்த கையிலிருந்து அவன் தம்பியை வெள்ளம் பறித்துப் போயிருந்தது.

"லெக்ஸிங்டன் பட்டணத்துலேர்ந்து வர்ற யார்கிட்டயும் பேசமாட்டேன். உன் பஸ்ஸுல போய்ப் படிச்சவன் நான். உன்கிட்டன்னா பேசறேன்" என்றான்.

"கேளு ஹோபர்ட். எனக்கு உரிமம் இல்ல. எனக்கு மேல இருக்கற டாக்டர் சரின்னு சொல்லாம உனக்குச் சிகிச்சை பண்ணமாட்டேன். பக்கத்துல உக்காரலாம், இங்க குடுக்கற பீன்ஸச் சாப்பிடலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாகணும்னு தோணுதா?"

"தோணுது."

அவன் வண்டியில் வைத்திருந்த துப்பாக்கியை எஸ்டில் வாங்கிப் பூட்டி வைத்தான். ஹோபர்ட்டுக்குத் துணையாகப் போதகரை உட்கார வைத்துவிட்டு, வெர்னா சேற்றில் கல்லறை மேட்டுக்கு ஏறினாள். அங்கே மட்டும்தான் போனில் சிக்னல் கிடைக்கும். மறுமுனையில் மேற்பார்வையாளர் பிளெவின்ஸ் அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அவனத் தனியா விடாதே. நீ அவனோட பேசு. ஆனா தினமும் என்னக் கூப்பிட்டு, என்ன பேச்சு நடந்ததுன்னு சொல்லணும்."

அவள் தினமும் ஏறினாள். "நீ ஏறற வேகத்துக்கு ஆட்டுக்கே மூச்சு வாங்கும்" என்றான் எஸ்டில். ஏறாமல் இருந்திருந்தால் அந்த ஊரில் யாரும் அவளை ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் வாரியம் அழைத்தது. "சின்ன ஊர். உங்ககிட்ட வர்றவங்களக் கடையிலயும் சபையிலயும் பாப்பீங்க. என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள். புத்தகத்து விடை அவளுக்கு மனப்பாடம். அதை விட்டுவிட்டு, பேர் சொல்லாமல் ஹோபர்ட்டின் கதையைச் சொன்னாள்.

"மேற்பார்வையாளரக் கூப்பிடறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட சாகத் தோணுதான்னு கேட்டேன். அது சிகிச்சைன்னா, நான் வரம்பு மீறினவதான். மறைக்க விரும்பல."

மூத்த உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். "அதக் கேக்காம நீங்க மேடு ஏறியிருந்தீங்கன்னா, உரிமம் குடுக்க நான் யோசிச்சிருப்பேன்."

உரிமம் வந்ததும் தபால் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை பிடித்தாள். பலர் வண்டியை இரும்புக் கடையெதிரே விட்டுவிட்டு, ஆணி வாங்க வந்தவர்கள் போல நடந்து வருவார்கள். கடைத்தெருவில் அவர்களாக வணக்கம் சொன்னாலொழிய வெர்னா அவர்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். ஹோபர்ட் மட்டும் வண்டியை அவள் வாசலுக்கு நேரே நிறுத்தி, ஊருக்கே கேட்கும்படி கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே போவான்.